கான்கிரீட் மூடுவதற்கு முன்

ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலைதான் கட்டுமானத் தர ஆய்வாளரின் வேலையில் மிக முக்கியமான நேரம். அப்போது சென்ட்ரிங் அடித்து முடிந்திருக்கும், தளத்துக்கும் பீமுக்கும் கம்பி கட்டி முடிந்திருக்கும், மின்குழாய்கள் பதிக்கப்பட்டிருக்கும். வரைபடத்தில் பொறியாளர் வரைந்து கொடுத்த ஒவ்வொரு கம்பியையும் கையால் தொட்டு எண்ணிப் பார்க்க முடிகிற ஒரே வேளை அது. மறுநாள் மதியத்துக்குள் அத்தனையும் கான்கிரீட்டுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் கட்டடம் நிற்கிற காலம் முழுவதும், இடிந்து விழுந்தாலொழிய, அவற்றை எவரும் நேரில் பார்க்கப் போவதில்லை.

சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் நான் இந்த வேலையைச் செய்துவருகிறேன். பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், இடையிடையே தனிவீடுகள். கட்டுபவருக்கும் உரிமையாளருக்கும் இடையே மூன்றாம் தரப்பாக நின்று, வரைபடத்தில் உள்ளபடியும் இந்தியத் தர நிர்ணய விதிகளின்படியும் வேலை நடக்கிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. ஆய்வு என்பது கான்கிரீட் விழுவதற்கு முன் நடக்க வேண்டியது, ஆய்வாளருக்கு வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்மையாகவே இருக்க வேண்டும் என்பது இத்தனை காலத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. அந்த அதிகாரம் இல்லாத ஆய்வு வெறும் கையெழுத்துதான்.

2014 ஜூன் 28ஆம் தேதி மாலை, மழை பெய்துகொண்டிருந்தபோது, போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து விழுந்ததில் 61 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் ஆந்திரத்தின் வட மாவட்டங்களிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதே திட்டத்தின் இரண்டாவது கோபுரத்தில் எவரும் குடியேறவே இல்லை; 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடிவைத்து அதைத் தகர்த்தார்கள். இந்த நகரத்தில் கட்டுமானத் துறையில் இருக்கும் எவரும் அந்த நாளை மறந்துவிட்டு வேலை பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஒரு கட்டடத்தின் தவறுகளுக்கு முதலில் உயிரைக் கொடுப்பவர்கள் அதைக் கட்டுபவர்களே என்பதை அந்த நாள் காட்டியது.

நான் எதைப் பார்க்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பியின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் பார்ப்பது எளிது. மேஸ்திரிகள் அதில் பெரும்பாலும் தவறு செய்வதில்லை. கம்பியின் எடையில் சந்தேகம் இருந்தால் ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்தால் போதும். விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது கிடைக்கும், 12 மி.மீ. கம்பி 0.888 கிலோ இருக்க வேண்டும், அதில் 5 விழுக்காடு வரை ஏற்ற இறக்கத்தை விதி அனுமதிக்கிறது. இவையெல்லாம் அரைமணி நேர வேலை. உண்மையான சிக்கல்கள் கம்பிகள் வளைகிற இடத்திலும், ஒன்றையொன்று சந்திக்கிற இடத்திலும், அச்சுப்பலகைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள சிறு இடைவெளியிலும் இருக்கின்றன.

முதலில் ரிங்கை எடுத்துக்கொள்வோம். தூணின் நீளக்கம்பிகளைச் சுற்றிக் கட்டப்படும் இந்த 8 மி.மீ. வளையங்களின் இரு முனைகளையும் 135 பாகைக்கு வளைத்து, தூணின் உட்புறத்தை நோக்கித் திருப்பிவிட வேண்டும். வளைவுக்குப் பிறகு குறைந்தது 65 மி.மீ. நேராக நீள வேண்டும். நிலநடுக்கத்தின்போது தூணின் மேற்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் பிரிந்துவிடாமல் உள்ளே இருக்கும் கான்கிரீட்டைக் கட்டிப்பிடித்துக் கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக ஐ.எஸ். 13920 என்ற இந்தியத் தர விதி இதைக் கேட்கிறது. 90 பாகைக்கு மட்டும் வளைத்த முனை, மூடிய கான்கிரீட் உதிர்ந்தவுடன் திறந்துகொள்ளும். ஆனால் 90 பாகை வளைப்பது எளிது, மாட்டுவது அதைவிட எளிது, ரிங்குக்குச் சில சென்டிமீட்டர் கம்பியும் மிச்சமாகும். அதனால் கம்பி வளைக்கும் மேடையிலேயே போய் நின்று முதல் பத்து ரிங்குகளைப் பார்த்துவிடுவது என் வழக்கம். ஆயிரம் ரிங்கை வளைத்துக் கட்டிய பிறகு அவற்றைப் பிரிக்கச் சொல்வதைவிட முதல் பத்தைத் திருத்துவது எல்லோருக்கும் நல்லது.

சென்னைக்கு நிலநடுக்கம் எங்கே வருகிறது என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் புதிய அடுக்குமாடிக் கட்டடங்கள் விழுந்தன. அதற்கடுத்த ஆண்டு நிலநடுக்க விதி திருத்தப்பட்டபோது சென்னை அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்திலிருந்து அபாயம் கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. ரிங்கின் வளைத்த முனையான கொக்கி இங்கே ஏட்டு விதியாக மட்டும் இல்லாமல் கட்டாயமாக இருப்பதன் காரணம் அதுதான்.

அதே ரிங் தூணும் பீமும் சந்திக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். நிலநடுக்க விசையில் அதிகமாக நசுங்குவது அந்தச் சந்திப்புதான். ஆனால் நான் போகிற கட்டடங்களில் ரிங் அடிக்கடி காணாமல் போவதும் அங்கேதான். காரணம் எளிது: நாலா பக்கமும் பீம் கம்பிகள் ஊடுருவும் அந்த இடத்தில் கை நுழையவே இடம் இருக்காது. பீம் கம்பிகளைக் கோப்பதற்கு முன்பே ரிங்குகளைத் தூண் கம்பிகளில் போட்டுவைத்து, பீமை அச்சுக்குள் இறக்கும்போதே அவற்றையும் உரிய இடைவெளியில் கட்டிக்கொண்டு வர வேண்டும். அந்த வரிசை ஒருமுறை தப்பினால் பிறகு ரிங் உள்ளே போகாது.

அண்மையில் ஓர் இடத்தில், மூன்று ஓரத் தூண்களின் சந்திப்பில் ஒரு ரிங்கூட இல்லாததைக் கண்டேன். மறுநாள் விடியற்காலையில், ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டைக் கொண்டுவரும் ரெடிமிக்ஸ் வண்டிகள் வருவதாக ஏற்பாடு. மேஸ்திரி அனுபவசாலி, நல்ல மனிதர், அவர் சொன்னது இதுதான்: “சார், பீம் கம்பியெல்லாம் உள்ள இறங்கிடுச்சு. இனிமே ரிங்க எப்படி சார் விடறது? நாளைக்கு வண்டிய வரச் சொல்லியாச்சு.” அவர் சொன்ன இரண்டும் உண்மை. வடிவமைப்புப் பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்து, யூ வடிவில் வளைத்த இரட்டைத் துண்டுகளை எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து செருகிக் கொக்கிகளை நீளக்கம்பியில் மாட்டிக் கட்டுவதற்கு அவருடைய ஒப்புதலை எழுத்தில் வாங்கினோம். இரவு வெகுநேரம் வரை விளக்குப் போட்டு வேலை நடந்தது. மூன்றில் இரண்டு முடிந்தது, மூன்றாவது முடியவில்லை. கான்கிரீட் ஒரு நாள் தள்ளிப்போனது. ஒரு நாள் தள்ளிப்போவதால் யாருக்கு எவ்வளவு நட்டம் என்பதை நான் அறியாதவன் அல்லன். கூலி, வண்டி, பம்பு வாடகை எல்லாம் அதில் இருக்கின்றன. இருந்தும் அந்தச் சந்திப்பு மூடிவிட்டால் திறக்க வழியில்லை என்பதால் அந்த நட்டத்தைக் கேட்கத் தயங்கக் கூடாது.

அடுத்தது பால்கனியும் சன்ஷேடும். சுவரிலிருந்து வெளியே நீண்டு, மறுமுனையில் தாங்கல் இல்லாமல் நிற்கும் தளத்துக்கு முக்கியக் கம்பி மேற்பகுதியில் இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவிசை மேலேதான் வருகிறது. சாதாரண அறைத் தளத்தில் நடுப்பகுதியில் கம்பி கீழே இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். முதல் நாள் மாலை பார்க்கும்போது கம்பி சரியான உயரத்தில், சேர் என்று சொல்லப்படும் வளைத்த தாங்குகம்பிகளின்மேல் நிற்கும். மறுநாள் கான்கிரீட் ஊற்றும்போது சட்டியைத் தூக்குபவர்களும் வைபிரேட்டர் பிடிப்பவரும் பம்புக் குழாயை இழுப்பவர்களும் அதன்மேல்தான் நடப்பார்கள். சேர்கள் போதாவிட்டால் மேல்கம்பி மிதிபட்டு மிதிபட்டுத் தளத்தின் நடுவுக்கோ அடிக்கோ இறங்கிவிடும். 125 மி.மீ. கனமுள்ள தளத்தில் கம்பி 50 மி.மீ. இறங்கினாலே அந்தப் பால்கனியின் தாங்குதிறனில் பாதிக்கும் மேல் போய்விடும். முட்டு பிரிக்கும் வரை எதுவும் தெரியாது. அதனால்தான் ஊற்றும் நாளிலும் நான் பால்கனிப் பகுதி முடியும்வரை நகர்வதில்லை. நடப்பதற்குப் பலகை போடச் சொல்வேன். இது ஒரு பலகையின் செலவுதான்.

கவர், அதாவது கம்பிக்கு வெளியே அதை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம் பற்றி ஒரு கடலோர நகரத்தில் வாழ்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ ராயபுரத்திலோ பழைய வீட்டின் கூரையில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தொங்குவதைப் பார்க்காதவர் குறைவு. உப்புக்காற்று கான்கிரீட்டின் வழியே கம்பியை எட்டுவதற்கு எடுக்கும் காலம் அந்தச் சில மில்லிமீட்டர்களைப் பொறுத்தது. ஐ.எஸ். 456 விதி மிதமான சூழலுக்கு 30 மி.மீ., கடலோரக் காற்று நேரடியாகப் படும் கடுமையான சூழலுக்கு 45 மி.மீ. என்று கேட்கிறது, அந்தச் சூழலில் கான்கிரீட்டும் குறைந்தது எம்30 தரத்தில் (28ஆம் நாளில் சதுர மி.மீட்டருக்கு 30 நியூட்டன் தாங்கும் பலம்) இருக்க வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதியிருந்தும் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக்குக்குப் பதிலாக ஜல்லித் துண்டையோ உடைந்த ஓட்டுத் துண்டையோ கம்பிக்கு அடியில் செருகும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஜல்லி உருண்டுவிடும், ஓடு நீரை உறிஞ்சும். கான்கிரீட்டால் செய்த கவர் பிளாக்குகளை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை என்று எண்ணி வைக்கச் சொன்னால் பிரச்சினை தீர்ந்தது.

இனி கான்கிரீட்டுக்கு வருகிறேன். ரெடிமிக்ஸ் வண்டி வந்து நின்றதும் முதலில் பார்ப்பது அதன் சீட்டில் குறித்திருக்கும் நேரத்தை. கலவை ஏற்றிய நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது பொதுவிதி. இறுகலைத் தாமதப்படுத்தும் மருந்து சேர்த்திருந்தால் மட்டும் அது நீளும். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையில் வண்டி நெரிசலில் சிக்கிக்கொண்டால் அந்த இரண்டு மணி நேரம் கண்முன்னே கரைந்துவிடும். வண்டி வந்து சேரும்போது கலவை கெட்டியாகியிருக்கும், பம்பு இழுக்காது, உடனே ஓட்டுநர் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் பார்ப்பார். அந்தக் குழாயைத் தடுப்பது ஆய்வாளரின் கடமைகளில் முதன்மையானது. எம்20 கான்கிரீட்டில் ஒரு மூட்டை சிமெண்டுக்கு மொத்தம் 27.5 லிட்டர் தண்ணீருக்கு மேல் போகக் கூடாது, மணலில் இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். அதற்குமேல் சேரும் ஒவ்வொரு லிட்டரும் பிறகு ஆவியாகி, கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. பலமும் குறைகிறது, உப்புக்கும் வழி திறக்கிறது.

சோதனைக்காகக் கான்கிரீட்டிலிருந்து எடுத்து வைக்கும் கட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 150 மி.மீ. பக்கமுள்ள இரும்பு அச்சுகளில் நிரப்பி, மறுநாள் பிரித்து, தண்ணீரில் போட்டு, 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்போம். எம்25 தரத்துக்கு அந்தக் கட்டி ஏறக்குறைய 562 கிலோ நியூட்டன் சுமையைத் தாங்க வேண்டும். ஆறு முதல் பதினைந்து கன மீட்டர் வரையிலான வேலைக்கு இரண்டு மாதிரிகள், பதினாறு முதல் முப்பது வரை மூன்று என்று விதியில் கணக்கு உண்டு. ஒரு மாதிரிக்கு மூன்று கட்டிகள். என் அனுபவத்தில் இந்தக் கட்டிகளின் நம்பகம், அவற்றை யார் எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வண்டியின் முதல் சட்டியிலோ கடைசிச் சட்டியிலோ எடுக்காமல், நடுப்பகுதியில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்து, தேதியையும் தூணின் எண்ணையும் ஈரமான கான்கிரீட்டிலேயே ஆணியால் கீறி வைத்த கட்டியை மட்டுமே நான் ஏற்கிறேன். கட்டிகளுக்கென்று தனியாக நல்ல கலவை தயாரித்து வைக்கிற பழக்கம் இருப்பதால் இந்தக் கண்டிப்பு தேவைப்படுகிறது.

கட்டி தேறாவிட்டால் என்ன என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். சுத்தியல் போன்ற கருவியால் கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டிப் பார்க்கலாம். ஒலியலையைச் செலுத்தி உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். கடைசியாகக் கான்கிரீட்டையே உருளையாகத் துளைத்தெடுத்து நசுக்கலாம். குறைந்தது மூன்று உருளைகள் எடுத்து, அவற்றின் சராசரி தேவையான பலத்தில் 85 விழுக்காடும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால் விதி அதை ஏற்கிறது. இத்தனை சோதனைகளும் கான்கிரீட்டைப் பற்றித்தான் சொல்லும். சந்திப்பில் ரிங் இருக்கிறதா, கொக்கி 135 பாகை வளைந்திருக்கிறதா என்பதை அவற்றால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தண்ணீர் விடுவதிலும் முட்டு பிரிப்பதிலும் எங்கும் ஒரே தவறான நம்பிக்கை நிலவுகிறது. ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும் என்பது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு எழுதப்பட்ட குறைந்தபட்சக் கணக்கு. இன்று வீடு கட்டுபவர்களில் பெரும்பாலோர் வாங்குவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அதற்குக் குறைந்தது பத்து நாள் வேண்டும், சித்திரை வெயிலில் பதினான்கு நாள் விடுவதே நல்லது. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள், அது சரியாகவே நடக்கிறது. தூண்களுக்குச் சணல் சாக்குச் சுற்றி நாள் முழுவதும் ஈரமாக வைத்திருப்பதுதான் விட்டுப்போகிறது. காலையில் ஒரு முறை குழாயால் அடித்துவிட்டால் பத்து மணிக்கெல்லாம் அது உலர்ந்துவிடும். முட்டுக்கும் அப்படித்தான்: நான்கரை மீட்டருக்கு மேல் அகலமுள்ள தளத்துக்குப் பதினான்கு நாள், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு இருபத்தொரு நாள் என்பதும் சாதாரண சிமெண்டை வைத்துச் சொன்னதுதான். மெதுவாகப் பலம் ஏறும் சிமெண்டுக்கு இதைவிட அதிக நாட்கள் வேண்டும். அடுத்த தளத்துக்கு அதே முட்டு தேவைப்படுகிறது என்பதற்காகக் கணக்கைக் குறைக்கக் கூடாது.

பெரிய திட்டங்களில் இவற்றைப் பார்க்க யாராவது ஒருவர் இருக்கிறார். எனக்குக் கவலை தருவது தனிவீடுகள். 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடியாக அனுமதி கிடைக்கும், முடிவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சலும் இடைத்தரகும் குறைந்தன என்பதால் நான் இதை வரவேற்கிறேன். ஆனால் இதன் மறுபக்கத்தை உரிமையாளர்கள் உணர வேண்டும். அப்படிப்பட்ட வீட்டைக் கட்டும் எந்தக் கட்டத்திலும் அரசு சார்பில் எவரும் வந்து கம்பியைப் பார்க்கப் போவதில்லை. பழைய முறையிலும் அதிகாரிகள் பார்த்தது பெரும்பாலும் பக்க இடைவெளி, உயரம், பரப்பு ஆகியவற்றைத்தான் என்றாலும், பொறுப்பு இப்போது முழுவதுமாக உரிமையாளரிடமும் அவர் அமர்த்தும் பொறியாளரிடமும் வந்துவிட்டது.

கட்டுபவரே சம்பளம் கொடுக்கும் ஆய்வாளரால் கட்டுபவரின் வேலையை நிறுத்த முடியாது. ஆகவே தனிவீடு கட்டுபவர்கள், ஒப்பந்தக்காரருக்குக் கட்டுப்படாத ஒரு பொறியாளரை, ஃபூட்டிங் (அடித்தளம்), தூண்கள், பிளிந்த் பீம் (தரைமட்டத்துப் பீம்), ஒவ்வொரு தளம் என்று கான்கிரீட் விழும் நாட்களுக்கு மட்டுமாவது தனியே அமர்த்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டைல்ஸுக்கும் கிரில்லுக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அவருடைய கட்டணம் பெரிதாகத் தெரியாது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பொறியாளர் கையெழுத்திடாமல் எந்தக் கான்கிரீட்டும் ஊற்றக் கூடாது, அதை மீறி ஊற்றிய பகுதிக்குப் பணம் இல்லை. அவரை ஊற்றுகிற அன்று காலையில் கூப்பிடாதீர்கள், முந்தைய நாள் மதியமே கூப்பிடுங்கள். திருத்துவதற்கு நேரம் இல்லாதபோது சொல்லும் குறைகள் எல்லாம் வீண். ஒவ்வொரு தூணையும் சந்திப்பையும் பால்கனிக் கம்பியையும், அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து, எண் தெரியும்படி படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வண்டிச் சீட்டுகளையும் கட்டிச் சோதனை அறிக்கைகளையும் அந்தப் படங்களோடு ஒரே கோப்பில் வைத்து, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்துப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மேலே ஒரு மாடி எழுப்ப நினைக்கும்போது, உள்ளே என்ன கம்பி இருக்கிறது என்று வரும் பொறியாளர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.